பாலத்தைக் கடக்க

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றெல்லாம் சுகம். உன் இருமல் எப்படி இருக்கிறது? போனை எடுப்பதில்லை என்ற கொள்கையில் நீ உறுதியாக இருப்பதால், இந்தத் தெருவில் இன்னும் கடிதம் போடுகிற ஒரே ஆள் நான்தான். தபால்காரர் என்னைக் கண்டால் வணக்கம் வைக்கிறார். வேலையைக் காப்பாற்றிக் கொடுப்பவர்களுக்கு வைக்கிற வணக்கம் அது.

எனக்குத் தியேட்டரில் பதவி உயர்ந்திருக்கிறது. இத்தனை நாள் டிக்கெட் கிழித்தேன். இப்போது கருத்து அட்டை. படம் முடிந்து வருகிறவர்களிடம் அட்டையும் பென்சிலும் நீட்ட வேண்டும். மூன்று கேள்விகள்: எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள். வாரக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் சுருக்கி விநியோகஸ்தருக்கு அனுப்புவேன். கருத்துகள் திரும்பி வருகின்றன, பென்சில்கள் வருவதில்லை.

இரண்டு திரைகள். ஒன்றில் ஒரு பாடகரின் வாழ்க்கைக் கதை. மற்றதில் போர்ப்படம், அதுவும் நீ போன போர். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு பாலத்தில் முப்பத்தொரு பேர் செத்தார்களே, அதைத்தான் எடுத்திருக்கிறார்கள். எதிரி நம் ஆள் குரலில் ரேடியோவில் பேசி ஏமாற்றுகிறான். நம்பிக் கடக்கிறார்கள். பாலம் வெடிக்கிறது. கதாநாயகன் குண்டு பட்ட பிறகு நான்கு நிமிடம் பேசுகிறான், கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மூன்று மணி நேரத்தில் ஒரு கம்பளிகூடக் கண்ணில் படவில்லை. ராணுவக் கம்பளிக் கிடங்கில் உட்கார்ந்து நாட்டுக்காக நீ மடித்ததெல்லாம் வீண்.

நிற்க. மாமாவின் மகளைக் கடைத்தெருவில் பார்த்தேன். உன் சின்ன வயதில், அப்பாவுக்கு அம்மை போட்டிருந்தபோது, மாமாவிடம் "நாளைக்கு வர வேணாம்" என்று சொல்லச் சொல்லி உன்னிடம் போனைக் கொடுத்தார்களே. நீ "மாமா, நாளைக்கு வர" வரைக்கும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். மறுநாள் ஐந்து பேர் வந்து இறங்கி, ஐந்து பேரும் புள்ளி புள்ளியாகத் திரும்பினார்கள். நெற்றித் தழும்பைக் காட்டி, "அரைச்சொல் எப்படி இருக்கான்?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான், இன்னும் அரைதான் என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வாக்கியங்களை முடித்து எழுது.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

அரைச்சொல் எழுதுவது. இருமல் ஏறக்குறைய... முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அச்சகத்தில் அதே வேலை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற சீட்டுக்கு எழுத்துப்பிழை பார்க்கிறேன். உலகத்தில் ஒருவரும் படிக்காததைத் தினம் எட்டு மணி நேரம் படிக்கிறவன் நான். போன வாரம் ஒரு சண்டை. "கர்ப்பிணிகள் உட்கொள்ள" என்று பக்கம் முடிந்து, "வேண்டாம்" பின்பக்கத்துக்குப் போயிருந்தது. மாற்றச் சொன்னேன். ஃபோர்மேன், "திருப்பினா தெரியப்போகுது. பாதியில யாருய்யா நிறுத்துவா?" என்றார். நான் போய் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். நாற்பதாயிரம் சீட்டு மறுபடி அடித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு அங்கே 'வேண்டாம்' என்று பெயர். "வேண்டாம், டீ வேணுமா?" என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்கிறார்கள்.

கடிதத்தில் "நிற்க" என்று எழுதாதே. பார்த்ததும் கால் இரண்டும் தானாகச் சேர்ந்துகொள்கின்றன. அங்கே கட்டளை எல்லாம் 'க'வில்தான் முடியும். நிற்க, திரும்புக, செல்க...

படத்தில் ரேடியோவில் என்ன சொல்வதாகக் காட்டுகிறார்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் அதை மதிக்கவில்லை. உனக்கு இருமல் ஏறக்குறைய போய்விட்டதா, ஏறக்குறைய அப்படியே இருக்கிறதா என்று புரியவில்லை.

போர்ப்படம் முடிந்து வருகிறவர்கள் முதலில் கழிப்பறையையும் பிறகு வண்டி நிறுத்திய இடத்தையும் தேடுகிறார்கள். பாடகர் படம் முடிந்து வருகிறவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதபடி வருகிறார்கள். முப்பத்தொரு பேர் செத்ததற்கு வராத கண்ணீர், ஒருவருக்குத் தொண்டை கட்டியதற்கு வருகிறது. நான் குறையாகச் சொல்லவில்லை. பின்னணியில் பாட்டு இருந்தால் மனிதன் எதற்கும் அழுவான்.

இந்த வார அட்டைகள்: "பாலம் வெடிப்பது பிரமாதம், இன்னொரு முறை காட்டியிருக்கலாம்." "வெடிச்சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது, சத்தத்தைக் குறைக்கவும்." "எதிரிகள் நன்றாக உழைத்திருக்கிறார்கள்." பாடகர் படத்துக்கு: "இன்னும் கொஞ்சம் குடித்திருக்கலாம்." "மனைவி பாத்திரம் தேவையில்லை." பின்னதை எழுதியவர் மனைவியோடு வந்திருந்தார்.

நீ கேட்டது. எதிரி, "வழி சுத்தம், முன்னேறுங்கள்" என்கிறான். பாலத்தருகே ரேடியோ சுமந்துகொண்டு நிற்கிற நம் ஆள், "இதோ வந்துட்டோம் தலைவா!" என்று கத்துகிறான். அவன்தான் படத்தின் கோமாளி. ரேடியோவிலேயே பாட்டுப் பாடுகிறான். போன வாரம் நாற்பத்திரண்டு அட்டைகளில் ஒரே கருத்து: ரேடியோக்காரன் முட்டாள், அவனால்தான் எல்லாரும் செத்தார்கள்.

இன்னொரு சங்கதி. பாடகருக்கு உண்மையிலேயே டிரம் வாசித்தவர் வந்திருந்தார், எழுபது வயது இருக்கும். படத்தில் அவர் தாளத்தை விடுகிறார், பாடகர் மேடையிலேயே அவரை அறைகிறார். "தாளம் விட்டது அவருதாம்மா. அடி மட்டும் உண்மை" என்று என்னிடம் சொன்னார். எதை மாற்றுவீர்கள் என்ற கேள்விக்கு "அறை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, அரங்க அமைப்பு என்ற தலைப்பில் சேர்க்கச் சொன்னார், ஹோட்டல் அறை பிடிக்கவில்லை போல என்று.

நல்ல சாப்பாடாகச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் இன்று காலைதான் வந்தது.

டிரம்காரரை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். செய்யாதவன் தலையில் போடுவது எளிது. அதற்குச் செய்தவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே...

ரேடியோவில் யாரும் பாட மாட்டார்கள். பேட்டரியை உயிர் மாதிரி வைத்திருப்பார்கள். கம்பளி மடித்த எனக்கே அது தெரியும். அந்த நாற்பத்திரண்டு அட்டைகளையும் விநியோகஸ்தருக்கு அனுப்பிவிட்டாயா? அனுப்பாமல் இருக்க முடியாதா?

தம்பி


ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

ஏழே நாளில் பதில் போட்டாய். தபால்காரரே திகைத்துப்போனார். இங்கே எல்லாரும் சுகம்.

அட்டைகளை அனுப்பிவிட்டேன். அதற்குத்தான் சம்பளம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணிக் காட்சிக்கு ஒரு அம்மாள் வருகிறார். எஃப் வரிசை, பதினான்காம் இருக்கை. ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை, கையெல்லாம் சோப்பு அரித்து வெளுத்திருக்கிறது. அதே போர்ப்படத்தை ஆறு முறை பார்த்துவிட்டார். அட்டையில் முதல் இரண்டு கேள்விகளைக் காலியாக விட்டு, மூன்றாவதில் ஒரே வரியை ஆறு முறையும் எழுதியிருக்கிறார்: "என் மகன் முட்டாள் இல்லை."

இந்த வாரம் கேட்டேன். அந்த ரேடியோக்காரனின் அம்மா அவர்.

"அவனுக்குப் பாட்டே வராதும்மா. பள்ளிக்கூடத்துல பிரார்த்தனைக்கு வாயை மட்டும் அசைக்கச் சொல்லுவாங்க" என்றார். பிறகு, "ஒண்ணுக்கு மூணு தடவை கேட்டுக்கிட்டுத்தான் கடைக்கே போவான். யாரோ கூப்பிட்டாங்கன்னு ஓடிடுவானா? அவன் காதுல என்ன விழுந்துச்சுன்னு ஒருத்தராவது சொல்லட்டும்" என்றார்.

பின்னால் வந்த இரண்டு பேர் ரேடியோக்காரன் மாதிரி, "இதோ வந்துட்டோம் தலைவா" என்று சொல்லிச் சிரித்தபடி போனார்கள். அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. என் தம்பியும் அந்தப் படையில்தான் இருந்தான், கம்பளிக் கிடங்கு என்றாலும் நாலு பேரைத் தெரிந்திருக்கும், விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். விசாரிப்பாயா?

அக்கா


ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

நாற்பது நாளாகப் பதில் இல்லை. தபால்காரர், "தம்பிக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்கிறார். எனக்கும் அதே கேள்விதான்.

படம் பதினைந்தாவது வாரம் ஓடுகிறது. பாடகர் படத்தைத் தூக்கிவிட்டு, அதற்குப் பதில் இன்னொரு பாடகர் படம் போட்டிருக்கிறார்கள். இவருக்கும் தொண்டை கட்டுகிறது. மக்கள் அதே இடத்தில் அழுகிறார்கள்.

எஃப் பதினான்கு ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார். "தம்பி எழுதினாரா?" என்று கேட்பதில்லை. அட்டையைக் கொடுக்கும்போது ஒரு கணம் நிற்கிறார். அந்த ஒரு கணத்துக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

தெரியாது என்றாவது எழுது.

அக்கா


ஜூன் 23

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அச்சகத்தில் வேலை அதிகம். கண்சொட்டு மருந்து, புழு மருந்து, மயக்க மருந்து என்று ஒரே நேரத்தில் மூன்று கம்பெனிச் சீட்டுகள்.

யாரை விசாரிப்பது? எல்லாரும் எங்கெங்கோ போய்விட்டார்கள். கிடங்கில் இருந்தவனுக்கு ரேடியோவைப் பற்றி என்ன தெரியும்? அந்த அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல். அவர் மகன் பாடவில்லை, கத்தவில்லை. சரி என்றுதான் சொன்னான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யாருக்கும்...

முழங்காலுக்கு டாக்டரைப் பார்.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

நலம்.

படத்தில் யாரும் சரி என்று சொல்வதில்லை. முந்தாநாள் மறுபடி உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். பத்திரிகைகளிலும் அப்படி வந்ததில்லை, நூலகத்தில் பழைய கட்டுகளைப் புரட்டிவிட்டேன். பாலத்தில் நின்றவர்கள் முப்பத்தொரு பேரும் இப்போது இல்லை. அப்படியென்றால் அவன் சரி என்று சொன்னது, அதை மறுமுனையில் கேட்டவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ராணுவத்திலிருந்து வந்தபோது உன் பெட்டியை நான்தான் திறந்து துணியை வெளியே எடுத்தேன். கம்பளிக் கிடங்கில் இருந்தவனுக்கு ஒரு காதை மட்டும் ஹெட்போன் அழுத்தியது போன்ற வடு எப்படி வந்தது என்று அப்போது கேட்கவில்லை. போனைக் கண்டால் ஏன் எழுந்து போகிறாய் என்றும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. மாமா கதையைக் கடிதத்தில் எழுதிச் சிரித்தது நான். அதை நினைத்தால் கை கூசுகிறது.

அந்த அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

சுகமா என்று கேட்கிற நேரம் இல்லை இது. என்றாலும் கேட்கிறேன், சுகமா?

போன வாரத்து ஞாயிறு நீ தியேட்டருக்கு வந்திருக்கிறாய். நான் இரண்டாம் வாசலில் இருந்தேன். அக்கா வீடு ஐந்து நிமிட நடைதான். எட்டிப் பார்க்காமல் போய்விட்டாய். மாலையில் அட்டைகளைப் பிரிக்கும்போது உன் கையெழுத்து. மேலே "எஃப் பதினான்குக்குக் கொடுக்கவும்" என்று போட்டிருந்தாய். கொடுப்பதற்கு முன் படித்தேன், பிரதி எடுத்தும் வைத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள், படிப்பதுதான் என் வேலை.

"எது பிடித்தது: எதுவும் இல்லை.

எது பிடிக்கவில்லை: ரேடியோக்காரரை முட்டாளாகக் காட்டியது. கேட்டதைத்தான் அவர் செய்தார்.

எதை மாற்றுவீர்கள்: கடைசிச் சொல் முடியும் வரை ரேடியோவின் பேசும் பொத்தானிலிருந்து விரலை எடுத்திருக்க மாட்டேன். நான் அனுப்ப வேண்டிய செய்தி 'பாலத்தைக் கடக்க வேண்டாம்'. அவசரத்தில் கடைசிச் சொல்லுக்கு முன்பே விரலை எடுத்துவிட்டேன். பக்கத்து நிலையத்தில் ஒருவன் காதில் விழுந்ததை விழுந்தபடி குறிப்பேட்டில் எழுதியிருந்தான்: 'பாலத்தைக் கடக்க'. பக்கத்தில் முற்றுப்புள்ளியும் வைத்திருந்தான். எங்கள் படையில் அது முழுக் கட்டளை. விசாரணையில் எதிரி குறுக்கிட்டான் என்று முடித்தார்கள். அது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. எதிரிக்கும்தான், அவர்கள் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. உங்கள் மகன் ஏமாறவில்லை, அம்மா. அவர் சரி என்று சொன்னார்."

தம்பி, உன் எழுத்தில் எல்லா வாக்கியமும் முடிந்திருப்பதை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

நேற்று அவரிடம் கொடுத்தேன். வாசலில் நின்றே படித்தார். இரண்டு முறை. பிறகு ஆஸ்பத்திரித் துணியை மடிப்பது போல ஓரத்தோடு ஓரம் சேர்த்து நான்காக மடித்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து, "என் தம்பிதான்" என்றேன்.

"தெரியும். உங்க முகத்துலயே இருக்கு" என்றார்.

மன்னிக்கிறேன் என்று சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கிற இடத்தில் நிற்கவில்லை. படம் பார்க்காமலே போகத் திரும்பியவர் மறுபடி வந்தார்.

"அவன் பேசுனதைக் கடைசியாக் கேட்டது உங்க தம்பிதான் இல்ல? சரின்னு சொன்னானே, எப்படிச் சொன்னான்? பயந்துக்கிட்டா, சாதாரணமாவா? எனக்கு அது தெரியணும். எழுத்துல வேணாம். நேர்ல வந்து சொல்லச் சொல்லுங்க."

வருகிற ஞாயிறுகளில் எதுவானாலும் சரி என்றிருக்கிறார்.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் முழுதாகப் போய்விட்டது. உன் வீட்டுப் பக்கம் வந்தேன். கதவு வரை வந்து திரும்பினேன்.

அட்டையில் எழுதாத ஒன்று இருக்கிறது. இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது.

அவன் சரி என்று சொன்னது உண்மை. அது காதில் விழுந்த உடனே நான் அடுத்த நிலையத்தைக் கூப்பிடப் பொத்தானை அழுத்திவிட்டேன். அழுத்தியிருக்கும் வரை எதிர்முனையில் பேசுவது நம் காதில் விழாது. முறைப்படி, திருப்பிச் சொல் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரி என்பதோடு அவன் நிறுத்தினானா என்று எனக்குத் தெரியாது. ஒன்றுக்கு மூன்று தடவை கேட்டுக்கொண்டு கடைக்குப் போகிறவன் என்று அவன் அம்மா சொன்னதை நீ எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்துதான் உனக்குப் பதில் எழுத முடியாமல் போனது. அவன் சொல்ல வந்தது "சரியாகக் கேட்கவில்லை" என்பதாக இருக்கலாம். நான் பொத்தானை அழுத்தாமல் இருந்தால் மீதி கேட்டிருக்கும். முப்பத்தொரு பேர் பிழைக்க அந்த மீதி போதும்.

அவர் கேட்பது குரல் எப்படி இருந்தது என்று. சாதாரணமாகத்தான் இருந்தது. அதை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அவருக்கு மகனின் கடைசிச் சொல் ஒன்று முழுதாக மிஞ்சும். மற்றதையும் சொன்னால் அதுவும் பாதியாகிவிடும்.

மற்றதையும் அவரிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? பதினொரு வருடம் நானே முடிவு செய்தது போதும். நீ எழுது. ஒரு சொல் போதும். முழுதாக எழுது.

தம்பி


ஆகஸ்ட் 27

அன்புள்ள தம்பிக்கு,

வேண்டும்.

ஞாயிறு மூன்று மணிக்கு வாசலில் நிற்கிறேன். இம்முறை முதல் வாசல்.

அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் திரும்ப ஒருமுறை படித்துக்கொள். நடுவில் இருப்பது 'டு'. 'டா' இல்லை.